நெல் மூட்டைக்கும் ஒரு வழிக்கணக்கு

குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு, வானத்தையும் லாரி வரும் சாலையையும் மாறி மாறிப் பார்த்து நிற்காத விவசாயி தஞ்சைத் தரணியில் குறைவு. 2025-ல் மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதியே திறக்கப்பட்டது. குறுவையும் நன்றாகவே விளைந்தது. ஆனால் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபோது, வாங்கிய மூட்டைகள் நிலையங்களில் அட்டி அட்டியாகத் தேங்கிக் கிடந்தன. அதனால் வாங்கப்படாத நெல் சாலையோரக் குவியல்களில் நனைந்தது, முளைவிட்டதும் உண்டு. லாரி போதவில்லை, கிடங்கில் இடமில்லை, அரவைக்குப் போவது தாமதம் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன.

இருக்கிற லாரியையும் இருக்கிற கிடங்கையும் வைத்துக்கொண்டே மூட்டைகளை இன்னும் விரைவாக நகர்த்த முடியுமா? முடியும் என்று சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. போக்குவரத்துக் கணக்கு என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளின் பிளஸ்-2 வணிகக் கணிதப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. நெல் விற்கிற நாமும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிட்டத்துக் கிடங்கு யாருக்கு?

இரண்டு கொள்முதல் நிலையங்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே. இரண்டிலும் தலா நாலு லோடு நெல் கிடக்கிறது. கிடங்குகளும் இரண்டு. சாலைக் கிடங்கில் நாலு லோடுக்கு இடம். ரயிலடிக் கிடங்கிலும் நாலு லோடுக்கு இடம். கிழக்கு நிலையத்திலிருந்து சாலைக் கிடங்கு 6 கிலோமீட்டர், ரயிலடிக் கிடங்கு 10 கிலோமீட்டர். மேற்கிலிருந்து சாலைக் கிடங்கு 8, ரயிலடிக் கிடங்கு 25.

இரு நிலையத்துக்கும் கிட்டத்தில் இருப்பது சாலைக் கிடங்குதான். அதிலும் கிழக்கு இன்னும் கிட்டம். ஆகவே கிழக்கத்தி நெல்லைச் சாலைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவோம். இடம் நிரம்பிவிட்டது. மேற்கத்தி நெல் ரயிலடிக்குத்தான் போக வேண்டும். மொத்தம் எவ்வளவு? நாலு தரம் 6, நாலு தரம் 25. ஆக 124 கிலோமீட்டர்.

இப்போது மாற்றிப் பாருங்கள். கிழக்கத்தி நெல் ரயிலடிக்கு, மேற்கத்தி நெல் சாலைக் கிடங்குக்கு. நாலு தரம் 10, நாலு தரம் 8. ஆக 72 கிலோமீட்டர்தான். போகும்போது மட்டும் 52 கிலோமீட்டர் மிச்சம். காலி லாரி திரும்பி வருவதையும் சேர்த்தால் 104.

கிழக்கு நிலையத்துக்கு இதில் நஷ்டம் போலத் தோன்றும். லோடுக்கு 4 கிலோமீட்டர் கூடப் போகிறதே! ஆனால் மேற்கு நிலையத்துக்கு லோடுக்கு 17 கிலோமீட்டர் குறைகிறது. சூத்திரம் இதுதான்: ஒவ்வொரு நிலையத்துக்கும் முதல் கிட்டத்துக் கிடங்குக்கும் அடுத்த கிட்டத்துக் கிடங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு வித்தியாசம் பெரிதோ அவருக்கு முதல் இடம். பாடப் புத்தகத்தில் வோகல் முறை என்று இருப்பது இதுவே. நிலையங்களும் கிடங்குகளும் பலவானால் இந்த முறை ஏறக்குறையச் சரியான விடையைத் தரும். மிகச் சரியான விடைக்கு மேலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நூறு நிலையம், பத்துக் கிடங்கு என்றால் ஆயிரம் வழிகள். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்.

மரப்பலகையிலிருந்து ரேஷன் கடை வரை

இந்த வகைக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரப் பேராசிரியர் லியோனித் காந்தரோவிச். எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் உரித்தால் பலகை அதிகம் கிடைக்கும் என்று ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காரர்கள் அவரிடம் கேட்டார்கள். அதில் தொடங்கிய ஆராய்ச்சியை 1939-ல் சிறு நூலாக வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது சரக்குக் கப்பல்கள் காலியாகத் திரும்பும் வீண் ஓட்டத்தைக் குறைப்பது பற்றி ஆராய்ந்தவர் கூப்மன்ஸ். இருவருக்கும் 1975-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பெரிய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையை 1947-ல் கண்டவர் அமெரிக்கரான டான்ட்சிக்.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. ரேஷன் அரிசியும் கோதுமையும் போகும் வழிகளைச் சீர்செய்ய மத்திய உணவுத் துறை, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தோடும் டில்லி ஐ.ஐ.டி.யோடும் சேர்ந்து 'அன்ன சக்ரா' என்ற ஏற்பாட்டை 2024 டிசம்பர் 5-ந் தேதி தொடங்கியது. 30 மாநிலங்களில் சுமார் 4.37 லட்சம் ரேஷன் கடைகளும் 6,700 கிடங்குகளும் இதில் அடங்கும் என்றும், ஆண்டுக்கு ரூ.250 கோடி மிச்சமாகும் என்றும் அப்போது அறிவித்தார்கள். அது கிடங்கிலிருந்து கடைக்கு அரிசி போகும் வழி. நமக்கு வேண்டியது கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் போகும் வழி. கணக்கு ஒன்றுதான்.

லாரி நிற்கும் நேரம்

ஆனால் கிலோமீட்டரை மட்டும் குறைத்தால் போதாது. 10 டன் லாரியில் 40 கிலோ மூட்டை 250 ஏறும். ஏற்ற ஒன்றரை மணி, இறக்க ஒன்றரை மணி, 15 கிலோமீட்டர் போய்வர ஒரு மணி என்றால் ஒரு நடைக்கு 4 மணி நேரம். பகலில் இரண்டு நடை அடிக்கலாம். கிடங்கு வாசலில் 5 மணி நேரம் வரிசையில் நின்றால் ஒரு நடைதான். வழியை 15-லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தாலும் மிச்சமாவது 20 நிமிடம். காலையில் எல்லா லாரியையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், இன்ன நிலையத்து லாரி இன்ன மணிக்கு என்று முறை வைத்தாலே அதைவிடப் பலன் அதிகம்.

நாளைக்கு 1,000 மூட்டை வாங்கும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு லாரி இரண்டு நடை அடித்தால் அன்றைய நெல் அன்றே போய்விடும். ஒரே நடை அடித்தால் தினம் 500 மூட்டை தங்கும். ஆறு நாளில் 3,000 மூட்டை. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்குத் தமிழ்நாட்டில் குவிண்டாலுக்கு ரூ.2,500 கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் ரூ.30 லட்சம் பெறுமான நெல் படுதாவுக்கு அடியில் கிடக்கிறது. அட்டி போட இடமில்லாமல் கொள்முதல் நின்றுவிடும். அதன்பின் நனைவது நம் குவியல். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பினால், உலர்த்தும் கூலியும் நம் தலையில்தான்.

லாரி வாடகை குறைய வேண்டும் என்று மட்டும் கம்ப்யூட்டருக்குச் சொன்னால், அது வாடகையைத்தான் குறைக்கும். திறந்தவெளியில் தாழ்வான இடத்தில் கிடக்கும் நெல்லும், சிமெண்ட் களமும் கொட்டகையும் உள்ள நிலையத்து நெல்லும் அதற்கு ஒன்றுதான். ஒரு நாள் காத்திருந்தால் இவ்வளவு நஷ்டம், மழை எச்சரிக்கை இருந்தால் அதைப்போல இத்தனை மடங்கு என்று கணக்கிலேயே எழுத வேண்டும். எழுதினால் களமில்லாத நிலையத்துக்கு முதல் லாரி தானாகப் போகும். விவசாயிகள் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. கிடங்கிலிருந்து காலியாகத் திரும்பும் லாரியில் சாக்கு ஏற்றி அனுப்பினால் சாக்குத் தட்டுப்பாடும் ஓரளவு தீரும்.

இன்னொன்று. தஞ்சாவூரிலிருந்து 42 வேகன் கொண்ட சரக்கு ரயிலில் சுமார் 2,000 டன் நெல் வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. புழுங்கல் அரிசிக்கு 100 கிலோ நெல்லில் 68 கிலோ கணக்கு. அப்படியானால் அந்த ரயிலில் 640 டன் உமியும் தவிடும் பயணம் செய்கின்றன! டெல்டாவில் அரவை ஆலை பெருகினால் வேகன் பாரம் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

நம் ஊர்க் கணக்கு

அந்த நாளில் நெல் பத்தாயத்திலும் சேரிலும் தங்கி, விலை பார்த்து மெல்ல வெளியே வரும். இப்போது அறுவடை இயந்திரம் இறங்கினால் ஊர் நெல் முழுவதும் நாலு நாளில், அதுவும் ஈரத்தோடு, களத்துக்கு வந்துவிடுகிறது. நூறு ஏக்கர், ஏக்கருக்கு 60 மூட்டை என்றால் 6,000 மூட்டை. மூன்று இயந்திரம் தினம் 30 ஏக்கர் அறுத்தால் 1,800 மூட்டை வரும். நிலையம் வாங்குவது 1,000. முதல் நாளே 800 தங்குகிறது. மூன்றாம் நாள் மாலை 2,400 மூட்டை நெல் வெளியே கிடக்கும். நாளைக்கு 16 ஏக்கர் வீதம் அறுத்தால் வெளியே எதுவும் தங்காது. எப்படி அறுத்தாலும் கடைசி மூட்டை விலையாவது ஆறு ஏழு நாளில்தான்.

முற்றிய கதிரை மழைக்கு முன் வயலில் விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது, விட்டாலும் சாய்ந்துவிடும். எனவே இதை அறுவடையின்போது பேசிப் பயனில்லை. நாற்றங்கால் விடும்போதே பேச வேண்டும். ஒரே வாய்க்காலில் பாயும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து, பள்ளமான வயல்களுக்கு முதல் வாரம், நடுத்தர வயல்களுக்கு நாலைந்து நாள் கழித்து, மேட்டு வயல்களுக்குக் கடைசியில் என்று நாள் பிரித்துக்கொள்ளலாம். முறைத் தண்ணீர் வருவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த வயல்களாக அறுத்தால், பெல்ட் வண்டியை லாரியில் ஏற்றி இறக்கும் செலவும் ஒரு தடவையோடு போகும். டிராக்டர் டிப்பரும் அரை லோடாகப் போகாது. யார் வயல் எந்த நாள், எத்தனை மூட்டை என்று ஒரு தாளில் எழுதி, அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே கொள்முதல் நிலையத்தில் கொடுத்து, எத்தனை லாரி வேண்டும் என்பதையும் அதன் அடியிலேயே எழுதிவிடுங்கள்.