புற்றுநோயைத் தாக்கும் புரோட்டான்

எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்தால் அதில் ஒரு பகுதி மறுபுறம் வெளியேறிவிடும். எலும்பைப் படம்பிடிக்க உதவும் இக்குணமே புற்றுக்கட்டியை அழிக்கும்போது தொல்லையாகிறது. குழந்தைகளின் மூளையில் தோன்றும் சிலவகைப் புற்றுகள் தண்டுவடத்திலும் பரவக்கூடியவை. எனவே முதுகு நெடுகிலும் கதிர் செலுத்த வேண்டும். முதுகுப்புறமிருந்து வரும் எக்ஸ் கதிரோ தண்டுவடத்தோடு நில்லாமல் இதயத்தையும் குடலையும் துளைத்துச் செல்கிறது. நோய் தீர்ந்து வளரும் குழந்தைக்குப் பல ஆண்டுகள் கழித்து இதனால் வேறு கோளாறுகள் தோன்றலாம்.

புரோட்டான் அப்படியன்று. குறிப்பிட்ட ஆழத்தில் அது நின்றுவிடும். நிற்குமுன், கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் ஆற்றலை மிகுதியாகக் கொட்டும். ஏன்?

சினிமா நோட்டீஸ் வழங்கிச் செல்லும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் ஓரிருவருக்கே நோட்டீஸ் கிடைக்கும். வண்டி தளர்ந்தால் ஆளாளுக்கு எட்டிப் பறித்துக்கொள்வார்கள். நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான், வழியிலுள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களை இழுத்துப் பிரிக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் ஆற்றல் சிறிது குறைகிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வோர் அணுவின் அருகிலும் அதிக நேரம் இருப்பதால் இழப்பும் ஏறுகிறது. உச்சத்தை எட்டிச் சட்டென்று முடிகிறது. இதுவே 'பிராக் உச்சம்'. ஆல்பாத் துகள்களில் இதனைக் கண்ட வில்லியம் பிராக்கின் பெயரால் அமைந்தது.

இவ்வுச்சத்தைக் கட்டியின்மீது விழச்செய்யலாம் என்று 1946-ல் எழுதியவர் அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வில்சன். அதற்குச் சற்றுமுன்வரை அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்தவர் அவர்! 1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குப் புரோட்டான் செலுத்தப்பட்டது.

ஆழத்தைத் தீர்மானிப்பது ஆற்றல். 70 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நீரில் சுமார் 4 செ.மீ. செல்லும், 230 மில்லியன் என்றால் 30 செ.மீ.க்கும் மேல். கட்டிக்குப் பருமன் உண்டல்லவா? ஆகவே ஆற்றலைப் படிப்படியாக மாற்றி, காந்தங்களால் கற்றையை வளைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல் அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள்.

ஆனால், நிற்கும் இடம் பிசகினால்? நோயாளி மெலிந்தாலோ கட்டி சுருங்கினாலோ கணக்கு மாறிவிடும். சில மில்லிமீட்டர் தவறினாலும் கட்டியின் ஓரம் தப்பும். அல்லது நல்ல திசு முழுத்தாக்குதலையும் ஏற்கும். அதனால் சிகிச்சை நடக்கும் வாரங்களில் மீண்டும் படமெடுத்துக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். எல்லாப் புற்றுக்கும் இது எக்ஸ் கதிரைவிட மேல் என்று நிறுவப்படவும் இல்லை.

இந்தியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையத்தை 2019-ல் அப்போலோ நிறுவனம் சென்னையில் திறந்தது. துகள்முடுக்கி, கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் பெரும் சட்டம், தடித்த கான்கிரீட் சுவர்கள் என்று செலவு பெருகுவதால், இச்சிகிச்சை யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் குழந்தைகளில் பலருக்கு இன்னும் எட்டவில்லை.