வழி தவறிய சுரங்கம்

ரோமானியரின் கட்டடக்கலை என்றதும் நம் நினைவுக்கு வருபவை கொலோசியமும், 43 மீட்டர் குறுக்களவுள்ள பாந்தியான் கோயிலின் குவிமாடமுமே. பார்ப்போர் வியக்கவேண்டும் என்றே எழுப்பப்பட்டவை அவை. ஆனால் ரோமானியரின் திறமையை எங்கே காணலாம் என்று என்னைக் கேட்டால், பெரும்பாலும் மண்ணுக்கடியில், யார் கண்ணிலும் படாமல் ஓடிய அவர்களுடைய குடிநீர்க் கால்வாய்களில் என்பேன்.

பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீரைத் தள்ளி அனுப்பும் எந்திரம் அன்று இல்லை. ஆகவே, ஊற்றிலிருந்து ஊர்வரைக்கும் கால்வாய் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வரவேண்டும். சரிவு மிகுந்தால் நீர் கால்வாயை அரித்துவிடும். குறைந்தால் தேங்கி நிற்கும். தென் பிரான்சிலுள்ள நீம் நகருக்கு நீர் கொண்டுவந்த கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதன் மொத்த இறக்கமோ ஏறத்தாழ பன்னிரண்டரை மீட்டர்தான்! கிலோமீட்டருக்குக் கால் மீட்டர். படங்களில் நாம் காணும் போன் தூ கார் என்ற மூன்றடுக்குப் பாலம் இக்கால்வாயை ஆற்றுக்கு அப்பால் கடத்திவிடவே கட்டப்பட்டது.

இவ்வளவு நுட்பத்துக்கு அவர்களிடம் இருந்த கருவிகள் யாவை? விட்ருவியஸ் என்ற ரோமானியர் தம் நூலில் ஒன்றை வருணிக்கிறார். இருபது அடி நீளமுள்ள மரச்சட்டம், இரு முனைகளிலும் கால்கள், தொங்கும் தூக்குக்குண்டுகள். காற்றில் நூல் ஆடினால் என்ன செய்வது? சட்டத்தின் மேற்புறத்தில் வெட்டிய பள்ளத்தில் நீரை ஊற்றி மட்டம் பார்க்கவேண்டும். நம் கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்துக்கு முன்னோர் எனலாம்.

கருவி எளியது, பிழை நேர இடமோ நிறைய. அப்படி நேர்ந்த பிழை ஒன்றைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்றைய அல்ஜீரியாவில் பெஜாயா எனப்படும் துறைமுகம் அக்காலத்தில் சால்டே எனப்பட்டது. அதற்கு 21 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நீர் வரவேண்டும். வழியில் ஒரு மலை குறுக்கிட்டது. மலையைக் குடைந்து 428 மீட்டர் நீளச் சுரங்கம் அமைக்க முடிவாயிற்று. திட்டம் வகுத்தவர் நோனியஸ் டாட்டஸ்; மூன்றாம் அகஸ்டா படைப்பிரிவில் மட்டம் பார்க்கும் பணியாளர். அவர் மலையின்மேல் கிழக்கு மேற்காக முளைகள் அடித்து நேர்கோட்டைக் குறித்தார்; வரைபடத்தை அதிகாரியிடம் தந்தார்; தம் பாசறைக்குத் திரும்பினார். இரு முனைகளிலிருந்தும் வேலை தொடங்கிற்று.

சில ஆண்டுகள் கழித்து, டாட்டஸை உடனே அனுப்பும்படி சால்டேயிலிருந்து மடல் வந்தது. போகும் வழியில் கள்வர் தாக்கினர். உடையும் இழந்து, காயத்தோடு தப்பித்துத்தான் போய்ச் சேர்ந்தார். அங்கே எல்லோரும் சுரங்கத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்களாம்! இரு பக்கமும் தோண்டிய நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தைவிட மிகுதி. ஆனால் இரு சுரங்கங்களும் சந்திக்கவில்லை. வேலையையே கைவிட்டுவிடுவதென்ற நிலை.

டாட்டஸ் அளந்து பார்த்தார். மேற்கிலிருந்து வந்தவர்கள் தம் வலப்பக்கம், அதாவது தெற்கே, விலகியிருந்தனர். கிழக்கிலிருந்து வந்தவர்களும் தம் வலப்பக்கமே, அதாவது வடக்கே, விலகியிருந்தனர். இருவர் செய்ததும் ஒரே பிழை. முகம் எதிரெதிராக இருந்ததால் விலகல் இரட்டிப்பாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: பாதித் தூரமாகிய 214 மீட்டரில் திசை ஒரு பாகை பிசகினால், முடிவில் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் விலகும். இரு புறமும் அப்படியே ஆனால் இடைவெளி ஏழரை மீட்டர். இருட்டுக்குள் விளக்கொளியில் பாறையைக் கொத்துகிறவனுக்கு ஒரு பாகை என்பது தெரியவா போகிறது?

அவர் கோட்டைத் திருத்தினார்; யாருக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து கொடுத்தார். கடற்படை வீரருக்கும் துணைப்படை வீரருக்கும் போட்டி வைத்தார். இருசாராரும் மலைக்குள் சந்தித்தனர். கி.பி. 150-ஐ ஒட்டி சால்டேக்கு நீர் வந்தது.

இவ்வளவும் லம்பேசிஸ் என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில் டாட்டஸ் தாமே சொல்லுபவை. பொறுமை, ஆற்றல், நம்பிக்கை என்ற மூன்று சொற்களும் அதில் உண்டு. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ‘மேல் சுரங்கம்’, ‘கீழ்ச் சுரங்கம்’ என்று எழுதியவர், படிப்பவர் குழம்பக்கூடாதென்று, நீர் நுழையும் பகுதி மேல், வெளியேறும் பகுதி கீழ் என்று நடுவே விளக்கமும் தருகிறார். ஆய்வுக்கூடத்தில் ஒத்துவராத அளவுகளைச் சத்தமின்றி அடித்துவிட்டு, ஒத்துவந்தவற்றை மட்டும் ஏட்டில் எழுதும் நம்மவர்களை (என்னையும் சேர்த்துத்தான்) அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ! ஆனாலும் ஒன்று: முதலில் வரைந்து கொடுத்த திட்டம் சரியானதே என்று அதே கல்வெட்டில் அவர் நிலைநாட்டவும் தவறவில்லை. தோண்டியவர்கள் தரப்பில் கல்வெட்டு எதுவும் கிடைத்திலது.