இரவுக் காவலும் வண்ண விளக்கும்

பயிர் முற்றும் பருவம் குடியானவருக்கு மகிழ்ச்சி தரும் பருவம். ஆயினும் சிறுமலை அடிவாரத்திலும், நத்தம், ஆத்தூர், கன்னிவாடிப் பக்கங்களிலும் அதுவே உறக்கமற்ற பருவமாகவும் இருக்கிறது. இருட்டியபின் காட்டுப் பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் நிலக்கடலைக் கொல்லை உழுது போட்டது போலாகிவிடும். மக்காச்சோளத் தட்டைகள் சாய்ந்து கிடக்கும். தின்பது கொஞ்சம், பாழாக்குவது அதிகம். பயிர்க்கடனின் தவணை மட்டும் அப்படியே நிற்கும்.

இந்நிலையில், பன்றிக்குச் சிவப்பு விளக்குத் தெரியாது என்ற பேச்சு நம் அங்கத்தினரிடையே உலவுகிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் முதலிய இடங்களில் இரவு வேட்டையாடுவோர் சிவப்பு அல்லது பச்சை விளக்கைத் துப்பாக்கியில் பொருத்திக்கொண்டு செல்வது உண்மையே. அங்கே பன்றி ஐரோப்பியர் கொண்டு சென்ற அயல் விலங்கு. நம் நாட்டிலோ அது காட்டிற்கே உரிய உயிர்.

விளக்கின் உண்மை என்ன? மனிதக் கண்ணில் நிறமறியும் அணுக்கள் மூவகை. பன்றியின் கண்ணில் இருவகையே. ஒன்று 439 நானோமீட்டர் அளவான நீல ஒளியையும், மற்றொன்று 556 அளவான பச்சை மஞ்சள் ஒளியையும் நன்கு ஏற்கும். ஆகவே செவ்வொளி அதற்கு மங்கலாகத் தோன்றும். அறவே தோன்றாது என்பது மிகை. மேலும் பன்றி கண்ணைக் காட்டிலும் மூக்கையும் காதையுமே நம்பி வாழ்வது. காற்று நம் பக்கமிருந்து வீசினால் எந்த நிற விளக்கும் நம்மை மறைக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மான், மாடு, பூனை ஆகியவற்றின் கண்கள் வெளிச்சம் பட்டால் பளிச்சிடும். அவற்றின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளி திருப்பும் படலம் பன்றிக்கு இல்லை. எனவே இருட்டில் அசைவது பன்றியா, நாயா, நீர் பாய்ச்ச வந்த அண்டை வயல்காரரா என்று விளக்கைக் கொண்டு துணிவது கடினம். அந்த ஐயத்தில் விழும் ஒரு குண்டுக்கு ஈடு ஏது?

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனியார் பன்றியை வேட்டையாடுதல் குற்றம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அவுட்டுக்காய் வைப்பதும், வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் இவை அனைத்திலும் கொடியவை. அக்கம்பி பன்றியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. அதிகாலையில் புல்லறுக்க வந்தவரையும், வைத்தவரையுமே அது பலி கொண்டதுண்டு.

அப்படியாயின் விளக்கால் பயனில்லையோ எனில், உண்டு, அது காவலுக்கே. மின்னி மின்னி அணையும் நீல, வெள்ளை விளக்குகள் பன்றியைச் சில நாள் தயங்க வைக்கும். ஒரே இடத்தில் இருந்தால் பழகிப்போகும். ஆதலின் இடத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். கொல்லையைச் சுற்றிப் பழஞ்சேலை கட்டும் வழக்கமும் இத்தகையதே. சின்னாளபட்டிச் சுங்குடியின் சிவப்புக்கு இங்கே தனிப் பெருமை இல்லை. அசைவும் மனித வாடையுமே வேலை செய்கின்றன. வாடை தீர்ந்ததும் சேலையின் காவலும் தீர்ந்துவிடும். கணநேர மின்துடிப்பை மட்டும் தரும் சூரியசக்தி வேலி இவற்றினும் உறுதியானது. ஆனால் அதை முறைப்படி அனுமதி பெற்றே அமைக்க வேண்டும்.

தனி ஒருவர் வேலியிட்டால் பன்றி அடுத்தவர் கொல்லைக்குப் போகும். தொடர்ச்சியான பத்து நிலத்தார் சேர்ந்து விளக்கு வாங்கி, முறை வைத்துப் பரண் காத்தால் செலவும் குறையும், உறக்கமும் மிஞ்சும். சேதம் நேர்ந்தவுடன் படம் எடுத்து, வனத்துறைக்கு மனுச் செய்து நிவாரணம் கோரலாம். மனு எழுத இயலாத அங்கத்தினருக்கு எழுத அறிந்தவர் உதவுதல் கடமை.

நூலிழை தனித்தால் அறும். பாவும் ஊடும் கூடினால் துணியாகும். இதனை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வயற்காவலிலும் இவ்வுண்மையைக் கைக்கொள்வோமாக.