பந்தலிலிருந்து சொட்டும் மருந்து

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தலைக்கு மேலே காய்க்கிறது. அதனால் மருந்தையும் அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். இலையில் ஒட்டியது போக மீதி, அடிப்பவர் மேலேயே இறங்கும். நெற்றியில் விழுந்து, கழுத்தில் வழிந்து, பனியனை நனைத்து, கைலி முடிச்சில் போய்த் தேங்கும். வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டியவர், தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் அந்த ஈரத்தோடே வேலையை முடிக்கிறார்.

அந்தத் தைரியம் தப்பு. தோட்ட வேலையில் உடம்புக்குள் இறங்கும் பூச்சிக்கொல்லியில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. எல்லா இடத்துத் தோலும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலில் தடவிப் பார்த்த அமெரிக்க ஆய்வின் கணக்கு இது: முன்கை உறிஞ்சுவதை 1 என்று வைத்தால் உள்ளங்கை 1.3, வயிறு 2.1, உச்சந்தலை 3.7, நெற்றி 4.2. விரைப்பைத் தோல் 11.8. பந்தலுக்குக் கீழே நிற்பவருக்கு முதலில் நனைவதும் கடைசிவரை காயாமல் இருப்பதும் எந்த இடங்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மயில்துத்தம் கலக்கிய கையில் நீலக்கறை தெரியும். தேய்த்துக் கழுவத் தோன்றும். நிறமில்லாத மருந்து அப்படிக் காட்டிக்கொடுக்காது. ராத்திரி தலைவலியும் குமட்டலும் வந்தால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடுகிறார்கள்.

மருந்தைத் தொடாதவர்களும் தப்புவதில்லை. 1963இல் கலிபோர்னியாவில் பீச் பழம் பறித்த தொண்ணூறு பேருக்கு மேல் விஷம் தாக்கியது. அவர்கள் பறிக்க மட்டுமே போனவர்கள். இலையில் காய்ந்திருந்த பாரத்தியான், அதைவிடக் கொடிய பாராக்ஸானாக மாறி அவர்கள் தோலில் ஒட்டிக்கொண்டது. மருந்தடித்த தோட்டத்துக்குள் இத்தனை நாள் ஆள் இறங்கக் கூடாது என்ற விதியை அந்த மாநிலம் 1971இல் கொண்டுவந்தது. நம் பந்தல்களில் பழம் வெட்டப்போகும் பெண்கள், "என்றைக்கு மருந்தடித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டா வேலைக்கு இறங்க முடிகிறது? கேட்டால் கூலி போய்விடுமோ என்ற பயம்.

அதே 1971இல் வந்த நம் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்தடிப்பவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன. தோட்டக்காரர்கள் மருந்து வாங்கும்போதே கையுறையும் தொப்பியும் நனையாத மேலாடையும் சேர்த்து வாங்க வேண்டும். மோட்டார் ரூமிலேயே சோப்பு வைத்துக் குளிக்கவிட வேண்டும். மருந்தடித்துவிட்டு வீடு திரும்பும் அண்ணன்மாரே, அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு போடாதீர்கள். தனி வாளியில் ஊறட்டும். பிள்ளையைத் தூக்குவது குளித்த பிறகு.