குட்டைக்கால் நாயும் நாரி நோவும்

எங்கள் ஊரில் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போவதென்று ஒரு வேலை இருக்கவில்லை. நாய் வளவில் கிடக்கும், படலையில் காவல் நிற்கும், மிஞ்சிய சோற்றைத் தின்னும். நடக்க விருப்பமென்றால் தானே போய்விட்டு வரும். ஒஸ்லோவுக்கு வந்த புதிதில், மைனஸ் பத்துக் குளிரில் வயதானவர்கள் நாயின் பின்னால் போவதை யன்னலுக்குள் நின்று பார்த்து நானும் மனைவியும் சிரித்திருக்கிறோம். சென்ற மாரியில் அதே வேலையை நான் செய்தேன். நாளுக்கு நாலு தடவை, ஆமை வேகத்தில்.

நாய் எங்களுடையதல்ல. கீழ்மாடியில் தனியே இருக்கும் நோர்வேஜிய அம்மாவுடையது. இந்தக் கட்டடத்தில் எங்களுக்கு முதன்முதல் வணக்கம் சொன்னவர் அவர்தான். ஐஸில் வழுக்கிக் கை முறிந்ததால், பின்னேரங்களில் நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று எங்கள் மகனைக் கேட்டார். மகனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மூன்றாம் வாரம், எங்கள் சோபாவிலிருந்து குதித்த நாய் வீரிட்டுக் கத்தியது. முதுகு வில்லாக வளைந்தது, பின்னங்கால்கள் தள்ளாடின. "அப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றபடி மகன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மனைவி என்னைப் பார்த்து, "அந்த மனிசிக்கு என்ன முகத்தோட சொல்லப்போறியள்?" என்றாள். அன்று நான் இரவு வேலைக்குப் போகவில்லை.

மிருக வைத்தியர் சொன்ன சொல் எங்களில் பலருக்குத் தெரிந்த சொல்தான்: புரோலாப்ஸ். தொழிற்சாலையில் பெட்டி தூக்கி நாரி போய், சீக்மெல்டிங் எடுத்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இந்த நாய் டாக்ஸ் இனம், அதாவது நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்டது. ஜெர்மனியில் வளைக்கரடி வேட்டைக்காக உருவாக்கியது, நோர்வேயில் இன்றும் மான் வேட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். கால் குட்டையாவதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் ஒன்றே முதுகுத் தட்டையும் இளவயதிலேயே காயவைத்து இறுக்கிவிடுகிறது என்று 2017 இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்தார்கள். இவ்வின நாய்களில் ஏறக்குறைய நாலைந்துக்கு ஒன்றுக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. "உன் மகன் காரணமில்லை. தட்டு முன்னமே பழுது. இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் வந்திருக்கும்" என்றார் வைத்தியர். இதை நான் வீட்டில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கீழ்வீட்டு அம்மா அழுதார். ஒரு நாய்க்காக இப்படி அழுவார்களா என்று முதலில் நினைத்தேன். பிறகு 1995 ஒக்ரோபர் கடைசி இரவு ஞாபகம் வந்தது. வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் நாய் செம்மணி வரை பின்னால் வந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னர் சனத்துக்குள் தவறிவிட்டது. எனக்கு அப்போது ஏழு வயது. அதற்குமேல் அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாயின் எடை ஒன்பது கிலோ. ஒற்றைக் கையால் அவர் தூக்க முடியாது. நான் பகலில் வீட்டில் நிற்பவன், தூக்குகிறேன் என்றேன்.

எனக்கு நாரிப்பிடிப்பு வந்தபோது பிசியோதெரப்பிஸ்ற் 'நட, நட' என்றுதான் துரத்தினார். நாய்க்கோ முதல் மருந்து நடக்காமை. மனிதன் நொந்தால் நிற்பான். நாயோ வலி கொஞ்சம் குறைந்ததும் பாய்ந்து ஓடி, ஆறத் தொடங்கியதை மறுபடி கிழித்துக்கொள்ளும். அதனால் கூண்டு. திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில் ஆறு கிழமை. "அடைச்சு வைக்கிறதோ, பாவமெல்லோ" என்று மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. மலசலத்துக்கு மட்டும் தூக்கிப் போவேன். ஒரு கை நெஞ்சின் கீழ், மற்றது பின்பக்கத்தின் கீழ், முதுகு பலகைபோல் நேராக. குனிந்து அல்ல, முழந்தாளிட்டு எழும்பித் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் நாயின் நாரியோடு எங்கள் நாரியும் போய்விடும். நிலத்தில் விட்டதும் ஒரு துவாயை வயிற்றின் கீழ் போட்டுப் பின்பக்கத்தைத் தாங்கினேன். கழுத்துப் பட்டி கூடாது, நெஞ்சுப்பட்டிதான். இழுக்க இழுக்க நீளும் கயிறும் வேண்டாம்.

ஆறு கிழமை முடிந்து வைத்தியர் சம்மதித்த பிறகுதான் நடை. சமதரையில் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. கிழமைக்கு ஒருக்கால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினோம். மெதுவாக நடப்பதில் ஒரு விசயம் இருக்கிறது. வேகமாகப் போனால் நாய் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் துள்ளிச் சமாளித்துவிடும். மெதுவாக என்றால் ஒவ்வொரு காலாக ஊன்றியே ஆகவேண்டும். அப்போதுதான் தசை திரும்பும். பிறகு தும்புத்தடியை நிலத்தில் கிடத்தி அதைக் கடந்து நடக்கவிட்டோம். இருந்த இடத்திலிருந்து எழும்பி நிற்பதைச் சில தடவை செய்வித்தோம். தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் பட்டியில் நடக்கவைக்கும் சிகிச்சையும் உண்டு. நீர் பாரத்தைத் தாங்குவதால் நோகாமல் கால் அசையும். பந்தெறிதல், கயிறிழுத்தல், படிக்கட்டு, மற்ற நாய்களோடு புரளுதல் எல்லாம் விலக்கு. வழுக்கும் மரத்தரையில் பாய் விரித்தோம். பனிக்காலத்தில் கல் தூவிய பாதையை மட்டும் தெரிந்தெடுத்து, உடம்புக்குச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். நடந்து முடிய, வயிற்றில் ஒட்டிய உப்பைத் துடைப்பேன்.

எங்கள் வீடுகளில் எப்போதும் பரசெற்றும் இபுக்ஸும் இருக்கும். அவற்றை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இபுக்ஸ் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பாதம் மடிந்து மேற்புறம் நிலத்தில் இழுபட்டாலோ, நகம் உரசும் சத்தம் கேட்டாலோ, சலம் போகாவிட்டாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். விரலை நசுக்கினாலும் நோ தெரியாத நிலைக்கு வந்துவிட்டால், சத்திரசிகிச்சை செய்தாலும் ஏறக்குறைய பாதி நாய்கள்தான் மறுபடி நடக்கும்.

பிள்ளைகள் இப்போது நாய் வேண்டுமென்று நிற்கிறார்கள். பல வீடுகளில் இதே கதைதான் என்று கேள்வி. மிருக வைத்தியத்துக்கு அரசு பணம் தராது, காப்புறுதி நாமே போடவேண்டும். எந்த இனம் என்பதையும் யோசிக்கவேண்டும். கவலியர் இன நாய்களைப் பரம்பரை நோய்களோடு பெருக்குவது மிருகநலச் சட்டத்துக்கு மாறு என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2023 இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கினால் சோம்பலாக வளர்க்கவும் கூடாது. பிரித்தானியாவில் 2015 இல் டாக்ஸ் வளர்ப்போரிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் நடக்கும் நாய்களுக்கு இந்த முதுகு நோய் குறைவாகவே காணப்பட்டது. நோய் வருமுன் நடை, வந்தால் ஓய்வு, ஆறினால் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நடை.

கீழ்வீட்டு நாய் இப்போது இருபத்தைந்து நிமிடம் நடக்கிறது. இடது பின்னங்கால் இன்னும் சற்றுக் கோணல். சோபாவில் ஏறுவதற்கு மகன் ஒரு பலகையில் கம்பளத் துண்டை ஆணியடித்துச் சாய்வு செய்து கொடுத்தான். நாய் அதை மணந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்துகொண்டு, நான் வந்து தூக்கும் வரை காத்திருக்கிறது.