தமிழ் என்றால் 3-ஆ, 5-ஆ, 15-ஆ?

ஜி.என்.டி. சாலையில், சோழவரம் டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் எங்கள் தெருத் தம்பி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கண். "அண்ணே, புரோகிராமிங் குரூப்புல என் நிரலைப் போட்டு மூணு நாளாச்சு. ஒருத்தரும் பதில் சொல்லல" என்று போனை நீட்டினான்.

கம்ப்யூட்டர் திரையைச் சாய்வாக எடுத்த ஒரு போட்டோ. கீழே, "வொர்க் ஆகல, ஹெல்ப் பண்ணுங்க, அர்ஜென்ட்". போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிரலுக்கு நடுவே மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரும் செல்போன் எண்ணும் இருந்தன. அதற்கு மேல் வரியில் கம்பெனி சர்வரின் பாஸ்வேர்டு.

"முதல்ல இதை அழிச்சிடு. பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்தச் சொல்லு. அழிக்கிறதுக்குள்ள யார் பார்த்தாங்களோ" என்றேன். நிரலும் அவனுடையது இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டம் நிரலை இலக்கியப் படைப்பாகத்தான் வைக்கிறது. வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்கே சொந்தம். கேட்காமல் ஊருக்குக் காட்டக் கூடாது.

"அப்போ எப்படிண்ணே கேக்கறது?"

அவன் எழுதியது அடையாள அட்டை அச்சிடும் நிரல். பெயர் 12 எழுத்தைத் தாண்டினால் அடுத்த வரிக்குப் போக வேண்டும். எட்டெழுத்துப் பெயரே உடைந்து போகிறது. 200 வரி. சிக்கல் இருப்பது ஒரே வரியில்: எழுத்து எண்ணுகிற இடம். மற்றதையெல்லாம் வெட்டி எறி, 'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்து எண்ணச் சொல் என்றேன். பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் 'லென்' 5 என்றது.

அந்த ஒரு வரியில் கம்பெனியும் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. பதில் சொல்கிறவர் நகலெடுத்துத் தன் கணினியில் உடனே ஓட்டிப் பார்க்கலாம். போட்டோவை யாரால் ஓட்ட முடியும்? இப்படி வெட்டிக்கொண்டே போகும்போது பாதி நேரம் தப்பு நம் கண்ணிலேயே பட்டுவிடும்.

எந்தப் பதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். இதே சொல்லைச் சாதாரணச் சரமாகக் கொடுத்தால் பழைய பைத்தான் 2 யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பைத்தான் 3 ஒருங்குறிக் குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் வாத்தியாருக்கு அது 3. பதிப்பைச் சொல்லாமல் "தப்பா வருது" என்றால் கேட்பவர் எந்தத் தப்பைத் தேடுவார்?

சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. அது போன்ற குழுக்களில் பதில் எழுதுகிறவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைத்தான் கொடுக்கிறார்கள். அவர்களிடம் 'அர்ஜென்ட்' என்று போடுவது எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது டீ வருவதற்குள் தம்பி புதிதாகத் தட்டினான்: "பைத்தான் 3, விண்டோஸ் 10. 'தமிழ்' என்பதற்கு லென் 5 தருகிறது. எனக்கு 3 வர வேண்டும். வரி கீழே." நிரலைப் போட்டோவாக இல்லாமல் எழுத்தாகவே ஒட்டினான்.

அரை மணியில் பதில் வந்தது. ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் எழுத்துகளைப் பிரிக்கும் கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்து என்று. அது எம்ஐடி உரிமத்தில் வருவது, யாரும் எடுத்தாளலாம். நகலெடுத்துத் தந்தால் எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை நீக்காமல் வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதையும் தம்பிக்குச் சொன்னேன்.

சாயங்காலம் அவன் அனுப்பியதைப் பார்த்தேன். தன் கேள்விக்குக் கீழேயே எழுதியிருந்தான்: "சரியாயிடுச்சு, இப்ப 3 வருது. நான் மாத்தின வரி இதுதான்."