யார் சாகிறார்கள்? இருண்ட மாற்று வரலாற்று மினியேச்சர் விளையாட்டுகள்: ஒரு ஒப்பீடு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜை மேல் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முகமூடியும் சிலுவையும் அணிந்த பதுங்குகுழி வீரர்கள். எதிர்ப்பக்கம் நரகத்துக்கு விலைபோன இன்னொரு கூட்டம். ஏழாவது படிக்கும் மகள் வந்து பார்த்துவிட்டு, "இதுல நல்லவங்க யாருப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு "யாருமில்லம்மா" என்றேன்.

"அப்புறம் எதுக்கு விளையாடறீங்க?"

அப்போது பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடி எழுதியதுதான் இந்தக் குறிப்பு.

இது என்ன வகை விளையாட்டு?

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 28 மி.மீ. அளவில், அதாவது கட்டைவிரலில் பாதி உயரத்தில் பிளாஸ்டிக் அல்லது ரெசின் பொம்மைகள். நாமே ஒட்டி, வண்ணம் தீட்டி, மேஜையில் நிறுத்தி, இன்ச் டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி சண்டை போட வேண்டும். நேற்று முளைத்த பொழுதுபோக்கு இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே பொம்மை வீரர்களை வைத்து விளையாட 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு விதிப்புத்தகம் எழுதினார். அடுத்த வருஷம் நிஜ யுத்தமே வந்துவிட்டது.

நூறு இருநூறு பொம்மைகளோடு ஆடும் பெரிய படை விளையாட்டுகள் ஒரு ரகம். 'ஸ்கர்மிஷ்' எனப்படும் சிறு மோதல் விளையாட்டு வேறு ரகம். இதில் ஒரு பக்கத்துக்கு எட்டிலிருந்து பதினைந்து பேர் போதும். ஆள் குறைவு என்பதால் ஒவ்வொருவனுக்கும் பெயர், ஆயுதம், அனுபவம், பழைய காயம் என்று ஒரு கணக்கு இருக்கும். ஒரு ஆட்டத்தில் பட்ட காயம் அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். தொடராக ஆடும் இந்த முறைக்குத்தான் 'கேம்பெய்ன்' என்று பெயர்.

'இருண்ட மாற்று வரலாறு' என்பது நிஜ வரலாற்றில் ஒரு புள்ளியைப் பிடித்துத் திருகி, அதன் பிறகு எல்லாமே கெட்டுப்போன உலகத்தைக் கற்பனை செய்வது. இந்தப் பாணிக்கு 'கிரிம்டார்க்' என்று ஒரு பெயர் உண்டு. வார்ஹேமர் 40,000 விளையாட்டின் முகப்பு வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது.

நான் ஒப்பிடும் முறை

இந்த விளையாட்டுகளை ஒப்பிடுகிறவர்கள் பொதுவாக ஓவியத்தையும் பொம்மையின் அழகையும் பார்ப்பார்கள். மண்டை ஓடு, துருப்பிடித்த கவசம், புகை. அதில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிகிறது. நான் மென்பொருள்காரன். எனக்கு விதிப்புத்தகத்தைப் பார்த்தால் கோடு மாதிரிதான் இருக்கும். பின்னணிக் கதை என்பது கமென்ட். கமென்ட்டில் என்ன வேணும்னாலும் எழுதலாம், ஓடப்போவது கோடுதான். அதனால் எல்லா விளையாட்டிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இதில் யார் சாகிறார்கள்? சாவின் கணக்கை விதி எப்படிப் போடுகிறது?

மார்ட்ஹைம்: சாவிலும் சாதி

கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1999-ல் வெளியிட்ட விளையாட்டு. கறாராகச் சொன்னால் இது மாற்று வரலாறு இல்லை, கற்பனை உலகம். ஆனால் அந்த உலகத்தின் பேரரசு பழைய ஜெர்மானிய புனித ரோமப் பேரரசின் சாயலில் செய்தது. வால் நட்சத்திரம் விழுந்து அழிந்த ஒரு நகரத்தில் சிறு கும்பல்கள் மாயக்கற்களைப் பொறுக்க அடித்துக்கொள்கின்றன. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பின்லாந்துக்காரர் துவோமாஸ் பிரினன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஒவ்வொரு கும்பலிலும் இரண்டு வகை ஆட்கள். 'ஹீரோக்கள்', 'ஹெஞ்ச்மென்' என்கிற அடியாட்கள். ஆட்டம் முடிந்ததும், விழுந்தவன் பிழைத்தானா என்று பகடை போட வேண்டும். ஹீரோவுக்கு இரண்டு பகடை, ஒன்று பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம். 11 முதல் 15 வரை வந்தால் சாவு. 36-ல் 5, அதாவது சுமார் 14 சதவீதம். மிச்சத்தில் கால் ஊனம், கண் போவது, பகை வளர்வது என்று விதவிதமான விளைவுகள். அடியாளுக்கு ஒரே பகடை. 1 அல்லது 2 வந்தால் சாவு. 33 சதவீதம். அவ்வளவுதான் அவன் கதை.

அடியாட்கள் குழுவாகத்தான் தாளில் இடம் பெறுவார்கள், அனுபவமும் குழுவுக்கே பொதுவாக ஏறும். எனது முதல் கும்பலில் ஹீரோக்களுக்கெல்லாம் யோசித்துப் பெயர் வைத்தேன். அடியாட்களுக்கு வைக்கவே இல்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, விதி என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு அடியாள் ஹீரோவாகப் பதவி உயர்வு பெறலாம். அன்றைக்குத்தான் அவனுக்கு நான் பெயர் தேடினேன்.

டிரெஞ்ச் க்ரூசேட்: கடனாக ஏறும் ரத்தம்

அதே துவோமாஸ் பிரினன், ஓவியர் மைக் ஃபிராஞ்சினாவோடு சேர்ந்து உருவாக்கியது. 2024-ல் கிக்ஸ்டார்ட்டரில் 30 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. கதை: 1099-ல் முதலாம் சிலுவைப் போரில் ஜெருசலேம் விழுந்தபோது, சில டெம்ப்ளர் வீரர்கள் நரகத்தின் வாசலைத் திறந்துவிட்டார்கள். அன்று தொடங்கிய யுத்தம் 1914-லும் முடியவில்லை.

அந்த வருஷம் சும்மா எடுத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. நிஜமான 1099 ஜூலையில் சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் கூட்டம் கூட்டமாக வெட்டிக் கொன்றது. நரகத்தின் வாசல் எங்கே, எப்போது திறந்தது என்ற கேள்விக்கு இந்த விளையாட்டு அந்த இடத்தையும் அந்த நாளையும் காட்டுகிறது. இரும்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் சுல்தானகம் இதில் நரகத்தை எதிர்க்கும் பக்கத்தில் நிற்கிறது. மேலோட்டமாகப் படம் பார்க்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

விதிக்கு வருவோம். இரண்டு பகடை போட்டு 7 அல்லது மேல் வந்தால் வெற்றி. 36-ல் 21, சுமார் 58 சதவீதம். சாதகம் இருந்தால் மூன்று பகடை போட்டுப் பெரிய இரண்டை எடுக்கலாம். 81 சதவீதமாக ஏறும். பாதகம் என்றால் சின்ன இரண்டு, 32-க்கு இறங்கிவிடும். அடிபட்டவன் மேல் 'ரத்தக் குறி' ஒன்று வைக்க வேண்டும். அந்தக் குறியை எப்போது செலவழிப்பது என்று தீர்மானிப்பவர் எதிராளி! நம் ஆள் ஒரு முக்கியமான காரியம் செய்யும் நேரம் பார்த்து எடுத்து வைப்பார், 58 அங்கேயே 32 ஆகும். சாவு இங்கே பெரும்பாலும் ஒரே அடியில் வருவதில்லை. வட்டிக்கடன் போல ஏறி, கொடுக்கவே முடியாத நேரத்தில் கதவைத் தட்டுகிறது. இதுவரை நான் பார்த்ததில் ரொம்ப நேர்மையான காய விதி இதுதான்.

சில்வர் பயோனெட்: பழியை ஏற்கும் பூதங்கள்

ஜோசப் மெக்கல்லோ எழுதி ஆஸ்ப்ரே 2021-ல் வெளியிட்டது. நெப்போலியன் காலம். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா என்று ஒவ்வொரு நாடும் எட்டுப் பேர் கொண்ட ஒரு ரகசியக் குழுவை அனுப்புகிறது. அவர்கள் எதிரி நாட்டோடு மட்டுமல்ல, ஓநாய் மனிதர்களோடும் ரத்தக்காட்டேரிகளோடும் மோத வேண்டும். எந்தப் பூதத்துக்கு வெள்ளி, எதற்கு நெருப்பு என்று கண்டுபிடிப்பது சுவாரஸ்யமான வேலை. வீரர்களுக்கு இரண்டு பத்துமுகப் பகடை, ஒன்று திறமை, ஒன்று பலம். தனியாகவும் ஆடலாம், இருவர் கூட்டாகவும் ஆடலாம்.

ஆட நிம்மதியானது. காரணம், தீமை வெளியே இருக்கிறது. அந்த நிம்மதிதான் எனக்கு உறுத்தல். அதே யுத்தத்தைப் பார்த்த ஸ்பானிய ஓவியர் கோயா 'போரின் பேரழிவுகள்' என்று ஒரு செதுக்கோவிய வரிசை செய்தார். பெரும்பாலான படங்களில் பூதமே கிடையாது. மனிதர்கள்தான் மனிதர்களுக்கு அதையெல்லாம் செய்கிறார்கள்.

டர்னிப்28: தீவனமாகும் சிப்பாய்கள்

மாக்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் படைப்பு. நெப்போலியன் காலச் சீருடை, ஆனால் உலகத்தை ஒரு ராட்சதக் கிழங்கின் வேர் விழுங்கிவிட்டது. சேற்றில் நின்று டர்னிப் தின்றுகொண்டு எதற்கென்றே தெரியாமல் சண்டை போடுகிறார்கள். ஆள் எண்ணிக்கை கொஞ்சம் அதிகம், சரியான ஸ்கர்மிஷ் என்று சொல்ல முடியாது. விதி இலவசம்.

முதலில் சிரிப்புதான் வரும். பிறகு விதியைப் படித்தால் சிரிப்பு நிற்கும். அதிகாரிகளுக்கு 'ஸ்னாப்' என்று பெயர். சாதாரண சிப்பாய்களின் பெயர் 'ஃபாடர்', அதாவது தீவனம். வீரனின் குறி பார்க்கும் திறனுக்கான எண்ணுக்கு வைத்த பெயரே 'குறிதவறல்'. அதிகாரி கட்டளை கொடுத்தால் அது சொதப்பலாம், சொதப்பினால் அடிபடுவது பெரும்பாலும் தீவனம்தான். மார்ட்ஹைமில் மறைந்திருந்த அதே கணக்கு இங்கே பெயர்ப்பலகையோடு நிற்கிறது. இங்கே கமென்ட்டும் கோடும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன.

எவ்வளவு தூரம் போதும்?

2016-ல் வந்த கான்ஃபிளிக்ட் '47 கொஞ்சம் பெரிய அளவு விளையாட்டு. இரண்டாம் உலகப்போர் 1947 வரை நீள்கிறது, விநோத ஆயுதங்களோடு. ஜெர்மன் படையில் செத்தவர்களை எழுப்பிச் சண்டைக்கு அனுப்பும் பிரிவுகூட உண்டு. விதிகள் சுத்தமாக எழுதப்பட்டவை. ஆனால் நான் தொடவில்லை. மேஜையில் அந்தப் படை இன்னொரு படை மட்டுமே, கவசம் எவ்வளவு, வீச்சு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்து வதைமுகாமிலிருந்து பிழைத்தவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். பூதத்தை நடுவில் வைத்தாலும் எனக்கு அந்த இடைவெளி போதவில்லை. ஆடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, இது என் எல்லை.

ஆனால் நானும் யோக்கியன் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. இன்றைக்கு 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லிச் சிரிக்கிறோம். பயம் வார்த்தையாகி, வார்த்தை வேடிக்கையாக எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை.

வேடிக்கை எப்போது விபரீதம்?

2021 நவம்பரில், ஸ்பெயினில் நடந்த ஒரு வார்ஹேமர் போட்டிக்கு ஒருவர் நாஜிச் சின்னம் அணிந்து வந்தார். அதன் பிறகு கேம்ஸ் வொர்க்‌ஷாப் ஒரு அறிக்கை விட்டது: தங்கள் பேரரசு ஒரு நையாண்டி, வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று. அறிக்கை நல்லதுதான். ஆனால் 1987-லிருந்து இருக்கிற விளையாட்டுக்கு, 'நாங்கள் கிண்டல்தான் பண்ணுகிறோம்' என்று தனியாகச் சொல்ல வேண்டி வந்தது ஏன்? கிண்டல் முழுக்க கமென்ட்டில் இருந்தது என்பது என் கணிப்பு. மேஜையில் அந்தப் பேரரசின் வீரன் அழகானவன், பலசாலி, ஜெயிப்பவன். டிரெஞ்ச் க்ரூசேடுக்கும் இதே ஆபத்து உண்டு. சிலுவைப் போர்ச் சின்னங்களை நிஜமாகவே தூக்கிப் பிடிக்கும் வெறுப்புக் கும்பல்கள் மேற்கில் இருக்கின்றன.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு

- செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டிக்குச் சுங்கவரியும் தபாலும் சேர்ந்தால் கண்ணைக் கட்டும். ஆனால் டிரெஞ்ச் க்ரூசேடின் சோதனைப் பதிப்பு விதிகள் இலவசமாகவே வந்தன, எந்தப் பொம்மையையும் பயன்படுத்தலாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள நண்பர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.
- டர்னிப்28-க்கு நெப்போலியன் காலப் பிளாஸ்டிக் வீரர்களை வெட்டி ஒட்ட வேண்டும். வேருக்கு நான் காய்ந்த புல்வேரையும் எம்-சீலையும் வைத்துச் சமாளிக்கிறேன். வண்ணம் மோசமாக இருந்தால்தான் அழகு.
- தனியாக ஆடுபவர்களுக்கு சில்வர் பயோனெட்.
- மார்ட்ஹைம் ஆடினால் அடியாட்களுக்கும் பெயர் வையுங்கள்.

கடைசி யோசனை என்னுடையது இல்லை. போன வாரம் மகளோடு டர்னிப்28 ஆடினேன். பன்னிரண்டு தீவனச் சிப்பாய்களைப் பார்த்து "இவங்களுக்கெல்லாம் பேர் இல்லையா?" என்றவள், உட்கார்ந்து பன்னிரண்டு பேருக்கும் பெயர் எழுதினாள். பாதி அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர். அதன் பிறகு அவர்களை ஒரு சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் கடைசி வரை வெளியே அனுப்பவே இல்லை. "முன்னாடி போனாத்தாம்மா ஜெயிக்கலாம்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"பரவால்லப்பா, தோத்துக்கறேன்" என்றாள்.

தோற்றாள். பன்னிரண்டு பேரும் இப்போது அவள் புத்தக அலமாரியில் இருக்கிறார்கள். திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.